சிறிய இரட்டைப் படகைத் துறைச்சுவரிலிருந்து ஹாய்ஸ்ட் வைத்து இறக்கலாமா?

காரைக்குடியில் பழைய வீட்டின் பின்கட்டில் வைத்திருக்கும் உங்கள் சிறிய கேட்டமரனை (இரட்டை உடல் பாய்ப்படகை) தொண்டிப் பக்கம், நண்பரின் இறால் பண்ணையை ஒட்டிய கருங்கல் துறைச்சுவரிலிருந்து கடலில் இறக்க வேண்டும். அங்கே சாய்தளம் இல்லை, சுவருக்குக் கீழே சேறு. ஒரு இரும்புக் கம்பம் நட்டு, அதில் சுழலும் கை பொருத்தி, ஒரு டன் செயின் பிளாக்கில் (கைச்சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் ஹாய்ஸ்டில்) பெல்ட் கட்டித் தூக்கி இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீளம் 4.5 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், பாய்மரம் உட்பட எடை 160 கிலோ என்று அளவுகளையும் கொடுத்திருக்கிறீர்கள்.

இறக்கலாம் தம்பி. படகு மன்றங்கள் பலவற்றில் சிறிய பாய்ப்படகுகளை இப்படித்தான் இறக்குகிறார்கள். பளு தூக்கும் வேலைகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவன் என்பதால், உங்கள் கேள்வியில் இருக்கும் ஓர் எண்ணத்தை மட்டும் முதலில் மாற்ற விரும்புகிறேன். 'ஒரு டன் தாங்கும் சாதனம், 160 கிலோ படகு, பிறகு என்ன கவலை' என்ற தெம்பு அதில் தெரிகிறது. இந்த வேலையில் எடை உங்களை ஏமாற்றாது. பெல்ட்டின் கோணம் ஏமாற்றும், படகின் நடு எங்கே என்பது ஏமாற்றும், கம்பத்தின் அடித்தளம் ஏமாற்றும். ஐந்து டன் இயந்திரத்தைத் தூக்கும்போது எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். கையால் நகர்த்தக்கூடிய பொருளைத் தூக்கும்போதுதான் ஒருவர் அதன் அடியில் சாவகாசமாகப் போய் நிற்பார்.

முதலில் படகைப் பற்றிப் பேசுவோம். சாதாரண வள்ளம் ஒரே உடல். அதன் வயிற்றுக்கு அடியில் இரண்டு பெல்ட்டைக் கொடுத்துத் தூக்கிவிடலாம். உங்களுடையது அப்படிப்பட்டதல்ல. ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றை இணைக்கும் இரண்டு அலுமினியக் குறுக்குக் குழாய்கள், நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம், முன் குழாயின் நடுவில் ஊன்றிய பாய்மரம். தண்ணீரில் இருக்கும்போது உடல்கள் இரண்டும் குழாயின் முனைகளை மேலே தள்ளுகின்றன, பாய்மரம் நடுவைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் முன் குழாயின் அடியில் ஒரு விறைப்புக் கம்பி ஓடுகிறது. இப்போது அதே குழாயின் நடுவில் கொக்கியை மாட்டித் தூக்கினால் எல்லாமே தலைகீழாகும். நடு மேலே இழுபடும், முனைகளில் உடல்கள் கனத்துத் தொங்கும், அடியில் இருக்கும் கம்பி தளர்ந்துபோய் ஒரு வேலையும் செய்யாது. குழாய் உடனே உடையாமல் போகலாம். ஆனால் உடலோடு குழாய் சேரும் இடத்தில் இருக்கும் போல்ட் ஓட்டைகள் ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும், சுற்றியுள்ள ஃபைபர்கிளாஸில் முடி போன்ற விரிசல் ஓடும். பிறகு ஒரு நாள் கடலில், காற்று நன்றாக அடிக்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

வயிற்றுப் பெல்ட் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். இரண்டு உடல்களையும் சேர்த்து அடியில் சுற்றி மேலே ஒரே கொக்கியில் மாட்டினால், பெல்ட் உடல்களை உள்பக்கமாக நெருக்கும். வழுக்கிக்கொண்டு அணியத்தின் (முன்முனை) பக்கமோ அமரத்தின் (பின்முனை) பக்கமோ ஓடவும் செய்யும். இந்த அளவுப் படகுக்கு அது வேண்டாம்.

தூக்க வேண்டிய இடங்கள் நான்கு: முன் குழாய் இடது உடலைச் சேரும் இடம், வலது உடலைச் சேரும் இடம், பின் குழாயில் அதேபோல இரண்டு. ஒவ்வொன்றிலும் உடலை ஒட்டினாற்போல், முடிவில்லாத வட்டப் பெல்ட் ஒன்றைக் குழாயின் அடியாகக் கொடுத்து இரண்டு காதையும் மேலே எடுங்கள். அதே பெல்ட்டைச் சுருக்குப் போட்டு மாட்டினால் அதன் தாங்குதிறன் நேராகத் தொங்கவிடும்போது இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அது குழாயைத் திருகவும் பார்க்கும். குழாயின் விளிம்பிலோ போல்ட் தலையிலோ பெல்ட் உரசுகிற இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு ஒன்றைப் பிளந்து செருகிக்கொள்ளுங்கள். உங்கள் படகில் துணித்தளத்தின் சட்டம் உடல்களுக்கு மேலே சிறு தூண்களில் உயர்ந்து நிற்கும் வகை என்றால், தூக்கும்போது உடல்கள் இரண்டும் அந்தத் தூண்களின் பிடிப்பில்தான் தொங்கும். ஒவ்வொரு தூணின் போல்ட்டையும் ரிவெட்டையும் தூக்குவதற்கு முன் கையால் அசைத்துப் பாருங்கள்.

இந்த நான்கு பெல்ட்டுகளும் நான்கு கால்களைப் போல மேலே ஒரு வளையத்தில் சேரும். இங்கேதான் கணக்கு வேண்டும். கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவை நான்கு பேர் தூக்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நான்கில் ஒருவர் கொஞ்சம் கை தளர்த்தினாலும் போதும், கனம் முழுவதும் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு பேரிடம் போய்விடும். நான்கு கால் பெல்ட்டிலும் அதேதான். ஒரு கால் இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருந்தாலும் அது சும்மா தொங்கும். ஆகவே நான்கு கால் என்று எண்ணாதீர்கள். எதிர்மூலையில் இருக்கும் இரண்டு கால்களே முழுப் படகையும் தாங்குவதாகக் கணக்குப் போடுங்கள்.

அந்த இரண்டு கால்களும் தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி சரிவில் இருந்தால், 160 கிலோ படகுக்கு ஒவ்வொரு காலிலும் சுமார் 92 கிலோ இழுவை. 45 டிகிரியில் 113 கிலோ. 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் 160 கிலோ, அதாவது முழுப் படகின் எடை. பெல்ட் இதைத் தாங்கும், அதில் சந்தேகமில்லை. படகு தாங்க வேண்டுமே! கால் படுக்கப் படுக்க அது படகை மேலே தூக்குவதைவிட உள்ளே நெருக்குவதில்தான் அதிக பலத்தைச் செலவழிக்கிறது. 30 டிகிரியில் ஒவ்வொரு காலும் மூலையை 139 கிலோ பலத்தோடு நடுவை நோக்கி அழுத்துகிறது. 60 டிகிரியில் அது 46 கிலோதான். படகு செய்தவர் அந்த மூலைகளை இப்படிப்பட்ட நெருக்கலுக்காகச் செய்யவில்லை.

சரி, 60 டிகிரி வைத்துவிடலாம் என்றால் உயரம் வேண்டும். உங்கள் படகில் முன் குழாய்க்கும் பின் குழாய்க்கும் இடையே 1.8 மீட்டர், மாட்டும் இடங்களுக்கு இடையே குறுக்கே 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அளந்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஒரு மூலைக்கு 1.38 மீட்டர். 60 டிகிரி வேண்டுமானால் வளையம் குழாய்க்கு மேல் 2.4 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொரு காலும் 2.77 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். உடலின் அடியிலிருந்து குழாய் வரை 0.6 மீட்டர், சுவருக்கு மேல் படகு தாண்டிச் செல்ல அரை மீட்டர், செயின் பிளாக்கின் மேல் கொக்கியிலிருந்து கீழ்க் கொக்கி முழுதாக ஏறி நிற்கும்போது உள்ள இடைவெளி சுமார் 0.4 மீட்டர். எல்லாம் சேர்ந்து 3.9 மீட்டர். ஆக, சுழலும் கை சுவர் மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரக் கம்பம்தான் கிடைக்கிறது என்றால் 45 டிகிரிக்கு இறங்க வேண்டியிருக்கும். அப்போது வளையம் குழாய்க்கு மேல் 1.38 மீட்டர், மொத்தம் 2.9 மீட்டர். 45 டிகிரி போதும். அதற்குக் கீழே போகாதீர்கள். கம்பத்தின் விலையை மிச்சம் பிடிக்கப் படகைக் கசக்க வேண்டாம்.

மேலே ஒரு குழாய்ச் சட்டம் வைத்து நான்கு கால்களையும் செங்குத்தாகத் தொங்கவிடும் முறையும் உண்டு. பெரிய படகுகளுக்கு அதுதான் சரி. உங்கள் படகுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. தலைக்கு மேல் இன்னொரு இருபது கிலோ இரும்பு ஆடுவதில் எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது படகின் நடு. கண்ணால் பார்த்துக் கொக்கியை வைக்காதீர்கள். நெல் மண்டியிலோ பழைய இரும்புக் கடையிலோ ஒரு எடை மேடை இரவல் கிடைக்கும். படகைச் சமதளத்தில், அணியத்துக்கு அருகே குறுக்காக ஒரு கட்டை, அமரத்துக்கு அருகே ஒரு கட்டை என்று வைத்து நிறுத்துங்கள். முதலில் முன் கட்டையை மேடை மேல் ஏற்றி எடை எடுங்கள், பிறகு பின் கட்டையை. இரண்டு முறையும் மேடையின் உயரத்துக்குச் சமமாக மறுபக்கத்துக்கும் முட்டுக் கொடுத்துப் படகைச் சமமாக வைக்க வேண்டும். முன்னால் 70, பின்னால் 90, கட்டைகளுக்கு இடையே 3 மீட்டர் என்று வந்தால், 70-ஐ 3-ஆல் பெருக்கி 160-ஆல் வகுங்கள்: 1.31. பின் கட்டையிலிருந்து அணியத்தை நோக்கி 1.31 மீட்டரில் படகின் நடு. வளையம் அந்தப் புள்ளிக்கு நேர் மேலே வர வேண்டும். அது நான்கு மூலைகளின் மையத்தைவிடப் பின்னால் விழுந்தால் பின் கால்கள் குட்டையாக இருக்கும், முன் கால்கள் நீளமாக இருக்கும். பாய்மரம், சுக்கான், பாயின் அடிக்கழி என்று தூக்கும்போது படகில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் எடை போடும்போதும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். கணக்குப்படி சமமாக வந்த பிறகு, அமரம் இரண்டு விரற்கடை தாழ்ந்து தொங்கும்படி பின் கால்களைச் சற்றே நீட்டிவிடுங்கள். உடலுக்குள் தங்கிய தண்ணீர் பின்னால் இருக்கும் வடிகால் அடைப்பானை நோக்கி ஓடும்.

அந்தத் தண்ணீர் சாதாரண விஷயமில்லை. ஒரு உடலுக்குள் இருபது லிட்டர் புகுந்திருந்தால் இருபது கிலோ. அது ஒரே இடத்தில் நிற்காது. படகு கொஞ்சம் சாய்ந்ததும் சரிந்த பக்கம் முழுவதும் ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். இறக்கும்போது உலர்ந்த படகு, மாலையில் ஏற்றும்போது அப்படி இருக்காது. ஏற்றும்போது படகைத் தண்ணீரிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தி, சுவரின் மேல் நின்றபடியே இரண்டு உடல்களும் சமமாகத் தொங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று தாழ்ந்தால் தண்ணீர் இருக்கிறது. மறுபடி மிதக்கவிட்டு இறைத்துவிட்டுத் தூக்குங்கள்.

இனி பாய்மரம். நிறுத்திய மரத்தோடு தூக்கலாமா, சாய்த்துத்தான் தூக்க வேண்டுமா? நிறுத்தித் தூக்கினால் மேல்பாரத்தால் படகு கவிழ்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்குப் பார்த்தால் பயம் தெளியும். எட்டு மீட்டர் அலுமினிய மரம் 15 கிலோ, அதன் நடு நான்கு மீட்டர் உயரத்தில். மிச்சப் படகு 145 கிலோ, அதன் நடு 0.4 மீட்டரில். இரண்டும் சேர்ந்த நடு முக்கால் மீட்டர் உயரம்கூட வரவில்லை. கொக்கியோ மூன்று மீட்டரில் இருக்கிறது. ஆகவே படகு நிலையாகவே தொங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மரமும் அதன் பக்கக் கம்பிகளும் கிரேன் கையில் மோதாமல் இருக்க வேண்டும். இந்த வகைப் படகுகளில் மரத்திலிருந்து அமரத்துக்குப் பின் கம்பி கிடையாது. அது நமக்கு வரம். கிரேனின் கை பின்பக்கத்திலிருந்து தாராளமாக உள்ளே வரலாம். எனவே படகின் அமரம் எப்போதும் கம்பத்தை நோக்கி இருக்க வேண்டும். கொக்கி மரத்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கும் என்பதால் கையின் முனை கொக்கியைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது. கை சுழலும்போது படகும் கூடவே சுழல வேண்டும். தானாகத் திரும்பிக்கொண்டால் மரம் கையில் போய் இடிக்கும். இதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: தண்ணீரில் இறங்கும்போது அணியம் கடலைப் பார்த்தே இருக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை கையின் நீளம். அமரத்திலிருந்து கொக்கி வரை இரண்டு மீட்டர், சுவருக்கும் அமரத்துக்கும் இடையே அரை மீட்டர், சுவரின் விளிம்பிலிருந்து கம்பம் அரை மீட்டர் உள்ளே. ஆக மூன்று மீட்டர் கை. மரத்தைச் சாய்த்து, படகைச் சுவருக்கு இணையாக இறக்கினால் இரண்டேகால் மீட்டர் கையே போதும். முதல் பருவத்தில் மரத்தைச் சாய்த்தே இறக்குங்கள் என்பேன். மிதக்கும் இரட்டைப் படகில் மரத்தை நிறுத்துவது கடினமில்லை. அணியத்திலிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க, துணித்தளத்தில் நிற்பவர் தோள் கொடுத்தால் எழுந்துவிடும்.

மரத்தை நிறுத்துவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். இறால் பண்ணையில் காற்றூட்டி ஓட மின்சாரம் வேண்டும், அதனால் அங்கெல்லாம் உயர் அழுத்தக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அலுமினிய மரம் அந்தக் கம்பியைத் தொட்டால், படகைத் தொட்டுக்கொண்டிருக்கும் யாரும் பிழைப்பது அரிது. தொடாமலே, மிக அருகில் போனாலே மின்சாரம் தாவும். வெளிநாடுகளில் இப்படிப் பலர் இறந்த பிறகுதான் ஹோபி நிறுவனம் தன் 16 அடிப் படகின் மரத்துக்கு, மின்சாரம் கடத்தாத ஃபைபர்கிளாஸ் மேல்பகுதி வைத்தது. கம்பம் நடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, மரத்தின் உயரமும் கிரேன் தூக்கும் உயரமும் சேர்ந்து எந்தத் திசையில் திரும்பினாலும் மின்கம்பியை எட்டாத இடமாகப் பாருங்கள். பண்ணையிலிருந்து சுவர் வரை படகை உருட்டி வரும் பாதையும் இதில் சேர்த்தி. அப்படிப்பட்ட இடம் இல்லை என்றால் இந்தத் துறை உங்களுக்கு வேண்டாம்.

கம்பத்துக்கு வருவோம். படகும் சாதனங்களும் 180 கிலோ. தூக்கும்போதும் நிறுத்தும்போதும் ஏற்படும் உலுக்கலுக்குக் கால் பங்கு கூட்டினால் 225 கிலோ. மூன்று மீட்டர் கையின் நுனியில் அது 675 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை. அடித்தட்டில் போல்ட் வரிசைகளுக்கு இடையே 40 சென்டிமீட்டர் என்றால், பின்பக்கப் போல்ட்டுகளைக் கிட்டத்தட்ட 1,700 கிலோ மேலே பிடுங்கப் பார்க்கும். பழைய கருங்கல் சுவரில் துளைபோட்டு இறுக்கிய போல்ட் இதற்குத் தாங்காது. கல்லும் கல்லும் சேரும் இடத்தில் காரை எப்போதோ உதிர்ந்திருக்கும். சுவருக்குப் பின்னால் தனியாகத் தோண்டி, 1.2 மீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் ஆழக் கான்கிரீட் கட்டி போடுங்கள். அதன் எடை சுமார் மூன்றரை டன் வரும். கவிழ்க்கும் விசையைப் போல மூன்று மடங்கு அது எதிர்த்து நிற்கும், கையின் சொந்த எடையைச் சேர்த்த பிறகும் இரண்டரை மடங்காவது மிஞ்சும். கம்பத்தை நட்ட பிறகு தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். கம்பம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பாரம் ஏறியதும் கை தானாகவே தாழ்ந்த பக்கம் சுழன்று ஓடும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடம் வாங்கிச் செய்வதுதான் முறை. காரைக்குடியில் அதற்கு ஆளுக்குக் குறைவில்லை.

படகை மாட்டுவதற்கு முன் சோதனைத் தூக்கல் ஒன்று கட்டாயம். 200 லிட்டர் டிரம் ஒன்றைத் தண்ணீரால் நிரப்பினால் டிரம்மோடு சேர்த்து ஏறக்குறைய 220 கிலோ. உங்களுக்கு வேண்டிய சோதனைப் பாரம் அதுதான். தூக்கி, கையின் முழு வீச்சிலும் சுழற்றி, கால் மணி நேரம் அப்படியே தொங்கவிட்டு, போல்ட்டுகளையும் வெல்டிங்கையும் பாருங்கள்.

சாதனங்களில், பாலியெஸ்டர் பெல்ட் வாங்குங்கள். ஊதா நிறம் ஒரு டன், பச்சை இரண்டு டன் என்று நிறக் குறியீடு உண்டு. நல்ல பெல்ட்டில் தாங்குதிறனைச் சொல்லும் சீட்டு தைத்திருக்கும், அது இல்லாத பெல்ட்டைத் தொடாதீர்கள். அந்தச் சீட்டில் போட்டிருக்கும் எடையைப் போல ஏழு மடங்கில்தான் அது அறுந்துபோக வேண்டும் என்பது தர அளவு. அந்த ஏழு மடங்கை வெயிலும் உப்பும் உரசலும் தின்பதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள், நாம் தின்பதற்காக இல்லை. பெல்ட்டில் முடிச்சுப் போட்டுக் குட்டையாக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது, முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியாகிவிடும். நீளம் சரிசெய்ய ஷேக்கிளும் (ஆணி திருகி மூடும் இரும்புக் கொளுவி) சிறு சங்கிலித் துண்டும் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீல பிளாஸ்டிக் கயிறுகள் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், அவை பாரம் தூக்க வேண்டாம். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பித்தளைக் கப்பிகளும் வார்ப்பிரும்புக் கப்பிகளும் அழகழகாகக் கிடைக்கின்றன, எனக்கும் அவற்றின் மேல் தீராத ஆசை உண்டு. அவற்றை முகப்பில் தொங்கவிடுங்கள், படகைத் தொங்கவிடாதீர்கள். பழைய வார்ப்பில் உள்ளே இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

செயின் பிளாக் ஒரு டன் போதும், அதன் தூக்கும் உயரத்தைப் பாருங்கள். சாதாரணமாகக் கடையில் கிடைப்பது மூன்று மீட்டர். படகு சுவரைத் தாண்ட அரை மீட்டர், சுவரிலிருந்து வற்று நேரத்து (கடல் மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்து) தண்ணீர் வரை எவ்வளவோ அது, வளையத்தைக் கழற்றத் தேவையான தளர்வு, எல்லாம் சேர்ந்து மூன்று மீட்டருக்குள் அடங்க வேண்டும். பாக் நீரிணையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் அதிகமில்லை, ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆனாலும் காலையில் பெருக்கில் இறக்கிய படகை மாலை வற்றில் ஏற்றும்போது அந்த அரை மீட்டர் சங்கிலி இல்லாமல் தவிக்கக் கூடாது. ஹைட்ரா கிரேனை வாடகைக்கு எடுக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். ஒருமுறைக்கு எடுக்கலாம். ஆனால் அந்த ஓட்டுநருக்கு உங்கள் 160 கிலோ கையில் தெரியவே தெரியாது. படகு எங்காவது சிக்கினாலும் இயந்திரம் இழுத்துக்கொண்டே போகும். வண்டி பழைய சுவரின் விளிம்புக்கு அருகே போனால் சுவரே சரியலாம். கையால் இழுக்கும் சங்கிலியில் எதிர்ப்பு உடனே கைக்குத் தெரியும். இந்த வேலைக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு.

இறக்கும் நாள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தொண்டிக் கரையோரம் தண்ணீர் தகடு போலக் கிடக்கும். அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் அலை எழவில்லை. இறக்குவதற்கு அது சுகமாக இருக்கும், ஆனால் பாய் விரித்த படகை அது கரையிலிருந்து வெளியே கொண்டுபோகும், திரும்பி வர எதிர்க்காற்றில் மாறி மாறி ஓட்ட வேண்டும். வாடைக் காலத்தில் அலை நேராகச் சுவரில் வந்து அறையும், அப்போது ஹாய்ஸ்ட் வேலையே கூடாது. மிதக்கும் படகு அலையில் எழுந்து விழும்போது தளர்ந்த பெல்ட் வெடுக்கென்று இறுகும். நிலையான எடையைப் போலப் பல மடங்கு உலுக்கல் அந்த நொடியில் விழுகிறது. காற்று மெலிந்திருக்கும் அதிகாலைதான் நல்ல நேரம். வினாடிக்கு 10 மீட்டர் காற்றில், சாய்ந்துபோன படகின் நான்கு சதுர மீட்டர் துணித்தளத்தைக் காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 24 கிலோ தள்ளுகிறது. தொங்கும் பொருளை அது பம்பரமாக்கப் போதுமானது.

மூன்று பெரியவர்கள் வேண்டும்: சங்கிலிக்கு ஒருவர், அணியத்துக் கயிற்றுக்கு ஒருவர், அமரத்துக் கயிற்றுக்கு ஒருவர். சொல் ஒருவருடையதாக மட்டும் இருக்கட்டும். ஆனால் 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். வடிகால் அடைப்பான்கள் இரண்டும் இறுகியிருக்கின்றனவா, சுக்கான்கள் மேலே தூக்கிக் கட்டியிருக்கின்றனவா, பாய் சுருட்டியிருக்கிறதா, ஷேக்கிளின் ஆணிகள் திருகிக் கம்பியால் கட்டப்பட்டிருக்கின்றனவா, கொக்கியின் நாக்கு மூடியிருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள். பிறகு ஒரு சாண் தூக்கி நிறுத்தி நான்கு காலையும் கையால் தட்டுங்கள். தளர்ந்த கால் உடனே தெரிந்துவிடும். சரியென்றால் தூக்கி, மெதுவாகச் சுழற்றி, இறக்குங்கள். தொங்கும் படகில் யாரும் ஏறக் கூடாது. அதற்குக் கீழேயும், அதற்கும் சுவருக்கும் நடுவிலும் யாரும் நிற்கக் கூடாது. படகு முழுதாக மிதந்த பிறகே ஒருவர் அமரத்தின் வழியாக ஏறி, நடு வளையத்தை மட்டும் கொக்கியிலிருந்து விடுவிக்கட்டும். நான்கு காலையும் தனித்தனியாகக் கழற்ற நேரம் செலவிட வேண்டாம், அவை துணித்தளத்தின் மேல் சுருண்டு கிடக்கட்டும். கொக்கிக்கு ஒரு சிறு கயிறு கட்டிவைத்தால், விடுபட்டதும் அது மண்டையில் ஆடாமல் கரையில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். அதுவரை அணியத்துக் கயிறு கரையில் கட்டியபடியே இருக்க வேண்டும்.

அந்தக் கடல் ஆழம் குறைந்தது. சுவரடியில் வற்றில் முழங்கால் தண்ணீர் இருந்தாலும் இந்தப் படகு மிதக்கும். சேற்றில் இறங்கித் தள்ளாமல் இப்படித் தூக்கி இறக்குவதில் கடற்புற்களுக்கும் நன்மை உண்டு. அந்தப் புல்லை நம்பித்தான் கடல்பசு பிழைக்கிறது. உங்கள் துறைக்கு வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்திருக்கிறது. புறப்படும் முன் அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள், பன்னாட்டு எல்லை இந்தக் கடலில் தொலைவில் இல்லை. உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செயின் பிளாக்கைக் கடற்கரையில் தொங்கவிட்டு வராதீர்கள், கழற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவாருங்கள். சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் சங்கிலிக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் பிரேக் தட்டுகளில் ஒரு சொட்டு இறங்கினாலும் அவை வழுக்கும், பாரம் நிற்காது. அலுமினியக் குழாயில் எவர்சில்வர் போல்ட் இருக்கும் இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புநீர் பட்டால் இரண்டு உலோகங்களில் அலுமினியம்தான் கரையும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபம் கடற்கரையில் நிலையம் வைத்திருக்கும் நிறுவனம். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஊரில் இருப்பவர்களைவிட நல்ல ஆலோசகர் கிடைக்க மாட்டார்கள். போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே நைலான் வளையம் செருகி, போல்ட்டின் மேல் துத்தநாக குரோமேட் பசை தடவிப் பூட்டினால் அரிப்பு வெகுவாகத் தள்ளிப்போகும்.

பெல்ட்டை நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் விரலால் முழு நீளமும் தடவிப் பாருங்கள். நூல் அறுந்திருந்தாலும், நிறம் வெளுத்து மொரமொரப்பாக இருந்தாலும், சீட்டில் எழுத்து அழிந்திருந்தாலும் அதை நடுவில் வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் மூலையில் வைத்தால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள்.

குழாய்களுக்கு இடையே உள்ள சரியான தூரம், சுவரின் உயரம், வற்றில் தண்ணீர் மட்டம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதுங்கள். கால்களின் நீளத்தையும் கம்பத்தின் உயரத்தையும் உங்கள் படகுக்கென்றே கணக்கிட்டுத் தருகிறேன்.